லோசானில் ஒரு தெய்வம் ஆறு நிமிடம் நிலம் துடைத்தது

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் எழுதுவதெல்லாம் ரயிலும் ஏரியும் மலைப்பாதையும்தான். ஓப்பெராவைப் பற்றி எழுதும் எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் இங்கே சுவிஸில் ஆராவிலிருந்து லோசானுக்குப் போய், மூன்று மணி நேரம் ஓப்பெரா பார்த்து, சனங்கள் போட்ட கூச்சலையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். யாராவது இதேபோலப் போக நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு உதவி செய்ய அன்று யாரும் இருக்கவில்லை.

போனது என் விருப்பத்தில் அல்ல. இரண்டு கிழமைக்கு முன்பு மிதுலா தொலைபேசியில் அழைத்தாள். மிதுலா என் மனைவியின் தமையன் தவராசாவின் மகள். சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் பிறந்து வளர்ந்தவள். எல்லோரும் மருந்தாளராக வருவாள் என்று எதிர்பார்த்திருக்க, இசைக் கல்லூரிக்குப் போய் ஓப்பெராப் பாடகியானாள். இதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் தனிப்பாத்திரம்.

"மாமா, அப்பாவுக்கு நான் தெய்வமா வாறன் எண்டு மட்டும்தான் சொன்னனான்," என்றாள். "ஆனா இதை நெறிப்படுத்துற றெஜிஸர் கதையை மாத்திப்போட்டார். தெய்வம் புட்ஸ்ஃபிராவா, துப்புரவுக்காரியா வருது. நான் யூனிஃபோர்ம் போட்டு, வாளியும் மொப்பும் கொண்டு வந்து, ஆறு நிமிசம் பேசாமல் நிலம் துடைக்க வேணும். அதுக்குப் பிறகுதான் பாட்டு."

"அதைக் கொப்பரிட்டைச் சொல்லுறதுதானே?"

"சொன்னால் வரமாட்டார். அவர் வராட்டில் எனக்குப் பாடேலாது. வந்து இடையிலை எழும்பிப் போனாலும் பாடேலாது. மூண்டாம் வரிசை, மாமா. மேடை வெளிச்சம் அங்கை வரைக்கும் விழும், நான் காண்பன். நீங்கள் பக்கத்திலை இருந்து அவரை எழும்ப விடாமல் பாருங்கோ."

விஷயம் இதுதான். தவராசா முப்பது ஆண்டுகளாகச் சூரிச் பக்கத்து அலுவலகங்களில் நிலம் துடைப்பவர். இப்போது பன்னிரண்டு பேருக்கு மேலாளர். ஆனால் கல்யாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்டால் 'பில்டிங் மெனேஜ்மென்ட்' என்பார். அந்த மனிதரை மூன்றாம் வரிசையில் இருத்தி, அவருடைய மகளே நீலச் சட்டை போட்டு மொப் பிடிப்பதைக் காட்டப் போகிறார்கள். அவரைப் பிடித்து வைக்கும் வேலை எனக்கு.

எனக்கும் அவருக்கும் பதினாறு ஆண்டுகளாகச் சரியில்லை. எங்கள் ஊர்ச் சங்கத்து ஆண்டு விழாவுக்கு நான் ஒரு நாடகம் எழுதினேன். அகதி முகாமில் பதிலுக்குக் காத்திருக்கும் ஒருவனைப் பற்றியது. கடைசிக் காட்சியில் அவன் ஒன்றும் பேசாமல் நாலு நிமிடம் கதிரையில் இருப்பான். ஒரு நிமிடம் ஆவதற்குள் சபையில் ஒருவர் "மைக் வேலை செய்யேல்லை" என்று கத்தினார். இன்னொருவர் சாப்பாடு ஆறுகிறது என்றார். சங்கச் செயலாளர் திரைக் கயிற்றை இழுத்துவிட்டு, "கொத்துரொட்டி தயார்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். அந்தச் செயலாளர்தான் தவராசா. அதன் பிறகு நான் நாடகம் எழுதவில்லை. மனைவி இடையிலிருந்து சமாதானம் பேசிப் பேசிக் களைத்துப்போனாள். இந்தப் பயணத்துக்கு அவளையும் கூப்பிட்டேன். "நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டாப் போற நாளிலைதான் நான் வீட்டிலை நிம்மதியா இருப்பன்," என்றாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆராவ் நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. மச்சான் தவராசா ஒன்பதே முக்காலுக்கே ஷ்லீரனிலிருந்து வந்து நின்றார். கல்யாண கோட், கழுத்துப்பட்டி, கையில் பெரிய பச்சைப் பயணப்பை. ஒருநாள் பயணத்துக்கு ஏன் இந்தப் பை என்று கேட்டேன். ரயிலில் ஏறி அமர்ந்ததும் திறந்து காட்டினார். உள்ளே சிவப்புக் கூறைச்சேலை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, கோயில் நடனப் பிள்ளைகளிடம் இரவல் வாங்கிய பொன்நிறக் கிரீடம்.

"இவையளிட்டை அம்மனுக்குரிய சாமான் இராது, மச்சான். வெள்ளைக்காரர் என்னத்தைக் கண்டவை. தேவைப்பட்டால் குடுப்பம்."

"ஓப்பெராவிலை உடுப்புக்கெண்டு தனிப் பகுதியே இருக்கு."

"இருக்கலாம். அம்மனுக்கு இருக்கோ?"

நான் யன்னலைப் பார்த்தேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மிதுலாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. அந்தக் கிரீடத்தைப் பார்த்தபோது, பதினாறு ஆண்டுக் கணக்கில் எனக்கு ஒரு சிறிய வரவு கிடைக்கப் போகிறது என்று தோன்றியது. கோயிலில் ஒரு கிழமையாக எல்லோரிடமும் "பிள்ளை அம்மன் வேஷம்" என்று சொல்லித் திரிந்திருக்கிறார். படம் அனுப்புவதாகக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவிலும் எழுதியிருந்தார்.

ஆராவிலிருந்து லோசானுக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றர். பேர்ணில் மாற வேண்டும். மாறும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணித்தியாலம். அரைக் கட்டண அட்டை இருந்தால் போய்வர அறுபது பிராங்குக்குச் சற்று மேல் வரும். முன்கூட்டி நாள் சீட்டு எடுத்தால் இன்னும் குறையும். பேர்ணில் ஏறும்போது போகும் திசைக்கு இடப்பக்கத்து யன்னலைப் பிடியுங்கள். ஃப்றிபூர்க் கழிந்து கடைசிச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஏரி முழுதாக விரியும், கீழே படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். முதல்முறை பார்ப்பவர்கள் கதையை நிறுத்திவிடுவார்கள். மச்சான் நிறுத்தவில்லை. புதிதாக வந்த வேலையாட்கள் மொப்பை முன்னுக்கும் பின்னுக்கும் இழுப்பதாகவும், எட்டு இலக்கம் போலத்தான் இழுக்க வேண்டும் என்று சொன்னால் சிரிப்பதாகவும் ஏரி மறையும் வரை முறையிட்டார்.

நிலையத்திலிருந்து அரங்குக்கு நடந்து பத்து நிமிடம். ஆனால் லோசானில் பத்து நிமிடம் என்றால் ஏற்றம். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் மெட்ரோவில் ஏறுங்கள். நாங்கள் நடந்தோம், அந்தப் பையோடு. வழியில் ஒரு பூங்கா வாங்கிலில் மச்சான் கொண்டுவந்த றோல்ஸைச் சாப்பிட்டோம். நல்ல றோல்ஸ் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரங்கில் பைக்கு அனுமதியில்லை. உடுப்புக் காப்பகத்துப் பெண் அதை வாங்கிக்கொண்டு இலக்க அட்டை ஒன்றைக் கொடுத்தாள். உள்ளே அம்மனின் உடுப்பு இருக்கிறது, கவனம் என்று மச்சான் சுவிஸ் ஜெர்மனில் விளக்கினார். அவள் பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

மூன்று மணிக்குத் தொடங்கியது. பழைய இத்தாலிய ஓப்பெரா. ஒரு அரசன், அவன் கரையில் ஒதுங்கிய ஒரு குடும்பம், அவர்களை வைத்திருப்பதா துரத்துவதா என்று மூன்று மணி நேரம். கடைசியில் ஒரு பெண் தெய்வம் வானிலிருந்து இறங்கித் தீர்ப்புச் சொல்லும். நெறியாளர் அரசனின் மாளிகையை இந்த நாட்டு அகதிப் பதிவு நிலையமாக மாற்றியிருந்தார். குழல் விளக்கு, பிளாஸ்டிக் கதிரை, இலக்கச் சீட்டு இயந்திரம். இதைத்தான் நான் பதினாறு ஆண்டுக்கு முன் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் செய்தேன். எனக்குக் கயிற்றை இழுத்தார்கள். இவர்களுக்கு அரசு மானியம் கொடுக்கிறது. போதாததற்குக் கதிரைகளும் பிழை. நான் பதிவுக்கு நின்ற இடத்தில் கதிரைகள் நிலத்தோடு பூட்டப்பட்டிருந்தன. இங்கே பாடகர்கள் அவற்றைத் தூக்கி எறிகிறார்கள்.

சபை முதல் அரைமணி நேரம் பொறுத்தது. அரசி நீளமான ஒரு மேல்ஸ்வரத்தில் நிற்கும்போது இலக்க இயந்திரம் 'டிங்' என்றது. அடுத்த பாட்டிலும் 'டிங்'. மூன்றாம் முறை மேல்மாடத்தில் ஒருவர் "ஊ" என்று தொடங்கினார். இன்னும் உயரத்தில் இருந்த மாணவர்கள் அதற்கு எதிராக "பிராவோ" என்று கத்தினார்கள். எனக்குப் பின்னால் இருந்த பட்டுக் கழுத்துத்துணிக்காரர் ஒவ்வொரு டிங்குக்கும் பெருமூச்சு விட்டார். மச்சானுக்கு அடுத்த இருக்கை மூதாட்டி தொண்டை மிட்டாயின் தாளைப் பிரித்துக்கொண்டே இருந்தார். இடைவேளையில் வாசலில் ஒரு கணவனும் மனைவியும் மேலங்கியை மாட்டியபடி சண்டை பிடித்தார்கள். அவர் போவோம் என்கிறார், மனைவி காசு கொடுத்தாயிற்றே என்கிறார். எங்கள் சனம் மட்டும்தான் இப்படி என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இவர்கள் கொத்துரொட்டி இல்லாமலே இப்படித்தான் இருக்கிறார்கள்.

"எப்ப வருவாள்?" என்று மச்சான் கேட்டார்.

"கடைசியிலை."

"அம்மன் கடைசியிலைதான் வர வேணும்," என்றார். திருப்தியாகத் தெரிந்தார்.

ஐந்தரை மணியளவில் இசை நின்றது. மேடை வெறுமை. பக்கக் கதவு திறந்து மிதுலா வந்தாள். நீலச் சட்டை, இறப்பர்க் கையுறை, சில்லு வைத்த வாளி, மொப். முடியைத் துணியால் கட்டியிருந்தாள். மொப்பைப் பிழிந்து பின்மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.

மச்சான் முன்னுக்குச் சாய்ந்தார். "உது மிதுலாவோ?"

"ஓம்."

"அம்மன் எங்கை?"

"அதுதான் அம்மன்."

அவர் மேடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓம்."

இந்தக் கட்டத்தைத்தான் காலையிலிருந்து எதிர்பார்த்திருந்தேன். வந்தபோது ருசிக்கவில்லை. மனிதரின் முகம் முழுவதும் வற்றிப்போனது. இரண்டு கையாலும் இருக்கையின் கைப்பிடிகளைப் பிடித்தார். எழும்பப் போகிறார் என்று நினைத்து நான் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நிமிடம் சபை அமைதி. இரண்டாம் நிமிடம் இருமல். மேடையில் தண்ணீர்ச் சத்தமும் வாளிச் சில்லின் கிறீச்சும் மட்டும். இசை நடத்துநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாம் நிமிடம் பின்னால் இருந்த பட்டுத்துணிக்காரர் "அசே!" என்றார். போதும் என்று அர்த்தம். அது தொற்றிக்கொண்டது. "இசை! இசை!" என்று பிரெஞ்சில் நாலு பக்கத்திலிருந்தும். இருக்கைகள் மடங்கும் 'டப் டப்' சத்தம். ஒரு வரிசையே எழும்பிப் போனது. மாணவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். மூதாட்டி மட்டும் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. மெல்லச் சொன்னார், எனக்கல்ல, தனக்கு: "பின்னுக்குப் பின்னுக்குப் போறாள்."

பிறகு, "எட்டுப் போடுறாள்."

நானும் பார்த்தேன். உண்மைதான். பின்பக்கமாக நடந்து, ஈரத்தில் கால் படாமல், எட்டு எட்டாக இழுத்துக்கொண்டு வந்தாள். ஓரத்துக்கு வந்ததும் மொப்பைத் தூக்காமல் மணிக்கட்டால் ஒரு திருப்பு. இதை எந்த நெறியாளரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. சின்ன வயதில் சனிக்கிழமைகளில், தாய் முதியோர் இல்லத்து வேலைக்குப் போனால், அவள் தகப்பனோடு அலுவலகங்களுக்குப் போய் அங்கே மேசைக்குக் கீழே இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். அப்போது பார்த்திருப்பாள்.

நாலாம் நிமிடம் கூச்சல் பெரிதானது. மேடையில் அவளுடைய கை நின்றது. முன்மூலை ஒன்று மிச்சம். மொப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவளுடைய கண் மூன்றாம் வரிசைக்கு வந்தது.

மச்சான் எழும்பினார். நான் கோட்டை இழுத்தேன், பலமாகத்தான் இழுத்தேன். கோட்டுக் கையின் தையல் பிரிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் வாசல் பக்கம் திரும்பவில்லை, சபையைப் பார்த்துத் திரும்பினார். பன்னிரண்டு பேருக்கு வேலை சொல்லும் குரலில், பிரெஞ்சு பேசும் லோசான் அரங்கில், சுத்தமான சூரிச் ஜெர்மனில் சொன்னார்: "சீ இஷ் நோ நெட் ஃபெர்த்திக்!"

அவள் இன்னும் முடிக்கவில்லை என்று அர்த்தம்.

பின்னால் இருந்தவர் என்ன என்று கேட்டார். மச்சான் முன்மூலையைக் கையால் காட்டி, "டெட் நோ!" என்றார். அங்கே இன்னும் இருக்கிறது. மேல்மாடத்தில் ஒருவர் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது, அதன் பின்னால் கைதட்டல். அவரை நெறியாளர் சபைக்குள் ஒளித்துவைத்த நடிகர் என்று நினைத்திருக்கிறார்கள். நான் இன்னும் அவருடைய கோட்டை விடவில்லை. அன்று அவர் கயிற்றை இழுத்தார். இன்று இழுத்துக்கொண்டிருந்தது நான். அது எனக்கு அந்த நேரத்திலேயே விளங்கியது, பிடிக்கவும் இல்லை.

மச்சான் அமர்ந்தார். மிதுலா அந்த மூலையைத் துடைத்தாள், அவசரப்படாமல். மொப்பைப் பிழிந்தாள், ஈர நிலத்துக்கு வைக்கும் மஞ்சள் பலகையை எடுத்து நடுவில் நிறுத்தினாள். கையுறையைக் கழற்றிவிட்டுப் பாடினாள். இத்தாலி மொழி எனக்குத் தெரியாது. திரைக்கு மேலே ஓடிய பிரெஞ்சு வரிகளையும் நான் வாசிக்கவில்லை. கரையொதுங்கியவர்கள் தங்கலாம் என்று தெய்வம் சொல்லியிருக்க வேண்டும்.

முடிவில் நெறியாளர் வந்து வணங்கியபோது பாதிச் சபை "ஊ" என்றது. மிதுலா வந்தபோது ஒருவரும் சொல்லவில்லை. மூதாட்டி மச்சானிடம் பிரெஞ்சில் உங்கள் மகளா என்று கேட்டார். மச்சான் ஜெர்மனில் என் மகள் என்றார். இருவருக்கும் விளங்கியது. மூதாட்டி அவருக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

கலைஞர் வாசல் கட்டடத்தின் பின்பக்கம். இருபது நிமிடம் காத்திருந்தோம். மிதுலா இன்னும் அந்த நீலச் சட்டையோடுதான் வந்தாள். உடுப்பு மாற்றப் பொறுமை இருக்கவில்லை போலும். தகப்பனுக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

"அப்பா, கோவமோ?"

மச்சான் கொஞ்ச நேரம் அவளுடைய கையைப் பார்த்தார். "தண்ணி கூடிப்போச்சு," என்றார். "பலகை நிலம். ஊறி ஊதிப்போகும்."

"வெளிச்சத்திலை பளபளக்க வேணும் எண்டு நிறைய விடச் சொன்னவை, அப்பா."

"அவைக்கென்ன தெரியும். அடுத்த முறை ரெண்டு தரம் பிழி."

அவள் சிரிக்கத் தொடங்கி, பிறகு தகப்பனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிரிந்த தையலைக் கண்டு, "கோட்டுக்கு என்ன நடந்தது?" என்றாள்.

"உன்ரை மாமா," என்றார் மச்சான். "நாடகம் தெரிஞ்ச ஆள்."

காப்பகத்திலிருந்து எடுத்த பச்சைப் பை திறக்கப்படவில்லை. அவளை உள்ளே அனுப்பி மொப்பை எடுத்துவரச் சொன்னார். வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அதோடு ரயிலுக்கு நடந்தோம். இறக்கம், எட்டு நிமிடம் போதும்.

ரயில் புறப்பட்டதும் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டார். நானும் அந்தக் குழுவில் இருப்பதால் என் தொலைபேசியும் அதிர்ந்தது. நீலச் சட்டை, மொப், பல்லுத் தெரியச் சிரிப்பு. கீழே, 'மிதுலா. அம்மன் வேஷம்.' பிறகு ஷ்லீரன் ஒன்றுவிட்ட அக்கா கேட்டிருந்தார்: 'அம்மன் எங்கை?'

மச்சான் கண்ணாடியைப் போட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: 'அதுதான். நான் செய்யிற வேலைதான். வடிவாச் செய்தவள்.'

ஃப்றிபூர்க் தாண்டும் வரை பதில்கள் வந்துகொண்டே இருக்க, தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தவும் தெரியாமல், என்னை நிறுத்தவும் விடாமல் இருந்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"மச்சான், அண்டைக்கு உங்கட நாடகத்திலை கடைசியா அந்த ஆள் கதிரையிலை இருந்தவனெல்லோ. எழும்புவானோ?"

பதினாறு ஆண்டில் ஒருவரும் கேட்காத கேள்வி. "எழும்பமாட்டான்," என்றேன். "நாலு நிமிசமும் இருப்பான். அதுதான் நாடகம்."

அவர் யோசித்தார். "மூண்டு நிமிசம் மிச்சம் இருந்திருக்கு," என்றார். மன்னிப்புக் கேட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம், கேட்கவில்லை. கிரீடத்தைக் கோயிலில் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டு ஷ்லீரனுக்குப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: இன்னும் மூன்று காட்சிகள் இருக்கின்றன, எல்லாம் பிற்பகல். மலிவான இருக்கை மேல்மாடத்தில் இருபத்தைந்து பிராங்க் அளவில் கிடைக்கும், ஆனால் அங்கேதான் கூச்சல் அதிகம். மூன்றாம் வரிசை நூறுக்கு மேல், கழுத்தும் வலிக்கும். பெரிய பை கொண்டுபோக வேண்டாம். இடைவேளைப் பானங்களின் விலையைக் கேட்காதீர்கள், வீட்டிலிருந்து றோல்ஸ் கொண்டுபோய் வெளியே சாப்பிடுங்கள். ஐந்தரை மணியளவில் இசை நிற்கும், சனம் கத்தும், சிலர் எழும்பிப் போவார்கள். போகட்டும். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரின் கோட்டைப் பிடிக்காதீர்கள். முன்மூலையைக் கடைசியில்தான் துடைப்பாள், அதுவரை இருங்கள்.